முதல் பறப்புக்கு நாள் குறிக்காதீர்கள்

விமானம் கட்டி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஊரில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். டீக்கடையில், கோயில் வாசலில், கல்யாணப் பந்தியில்: “அண்ணாச்சி, எப்பப் பறக்கப் போறீய?” இதற்கு ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் பாதி ஆபத்தை அங்கேயே விலைக்கு வாங்கியாயிற்று. தேதி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவார்கள். ஒருவர் பந்தலுக்குச் சொல்லுவார், இன்னொருவர் எம்.எல்.ஏ.வைக் கூட்டி வருகிறேன் என்பார். வந்தவர்களை வெறுமனே அனுப்ப மனசு வராது. ஆயில் லேசாகக் கசிந்தாலும், காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், ‘ஒரு ரவுண்டுதானே’ என்று ஏறத் தோன்றும். ஆகவே நாள் குறிக்க வேண்டாம். இரண்டு வாரத்தை ஒதுக்கிவைத்து, அதில் எந்தக் காலைப்பொழுது ஒத்துவருகிறதோ அன்றைக்குப் பறக்க வேண்டியதுதான். கூட்டத்தை ஐந்தாவது பறப்புக்குக் கூப்பிடலாம், பிரியாணியும் அன்றைக்கே.

கீழே சொல்வதெல்லாம் நம் திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் கட்டக்கூடிய சிறு விமானத்தை மனசில் வைத்து: இரண்டு இருக்கை, மேலிறக்கை, மூக்குச் சக்கரம், உச்ச எடை 450 கிலோ, 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின். பதிவு எண், பறப்பதற்கான அனுமதி, ஓட்டுபவரின் லைசென்ஸ் மூன்றும் கையில் இல்லாமல் சக்கரம் தரையை விட்டு எழக் கூடாது. இவற்றைத் தரும் டிஜிசிஏ விஷயத்தில் பொறுமை வேண்டும். மும்பையில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு 2017-லும், பறக்கும் அனுமதி 2019-லும்தான் கிடைத்தன. கட்டும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, ரிவெட் வாங்கிய பில் வரைக்கும் ஃபைலில் போட்டு வையுங்கள்.

இறக்கை முறிந்து விழுமோ என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லாரும் பயப்படுவார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் முன்னால் நின்றவை வேறு இரண்டு: எஞ்சின் சக்தி போவது, ஓட்டுபவர் கட்டுப்பாட்டை இழப்பது. பறப்பதற்கு முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் அந்த வாரியம் பரிந்துரைத்தது. எனவே பெட்ரோலில் ஆரம்பிப்போம். நம் ஊரில் இப்போது பெரிய தலைவலியும் அதுதான்.

912 யூஎல்எஸ்ஸுக்குக் குறைந்தது 95 ஆக்டேன் வேண்டும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ரோடாக்ஸின் வரம்பு. பங்கில் இன்று கிடைப்பதோ 20 சதவீத எத்தனால் கலந்தது. ஆக்டேன் சரியாக இருக்கும், எத்தனால் இடிக்கும். அது சில வகை ரப்பர் ஹோஸை ஊதவைக்கும், ஃபைபர் டேங்கின் ரெசினை இளக்கும், டேங்குக்குள் பூசிய சீலரைத் தோல் தோலாக உரித்து ஃபில்டரில் கொண்டுபோய் அடைக்கும். ஈரத்தையும் இழுக்கும். பங்குக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல். மூடி, குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர் 10 மில்லியிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 19-க்கு ஏறினால் சுமார் 10 சதவீதம், 28-க்கு ஏறினால் 20 சதவீதம். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் சூத்திரம். ஒத்துவரும் பெட்ரோல் கிடைக்கவில்லை என்றால் ஆவ்கேஸ் 100 எல்எல் என்ற, ஈயம் கலந்த விமானப் பெட்ரோல்தான் வழி. விலை கூட, ஈயம் கியர்பாக்ஸிலும் பிளக்கிலும் படியும், ஆயிலை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் பத்து மணி நேரத்துக்கு அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள் என்பது என் கருத்து.

அடுத்து, அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறதா? தரையில் மட்டமாக நிற்கும்போது நன்றாக ஓடும் எஞ்சின், மூக்கைத் தூக்கி ஏறும்போது வறண்டு நிற்கலாம். மூக்குச் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி, விமானம் ஏறும் கோணத்தில், 12 டிகிரி போல நிறுத்துங்கள். டேங்கில் ஐந்து லிட்டர் மட்டும் வைத்து, கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி அளவு போட்ட கேனில் விடுங்கள். முழு விசையில் இந்த எஞ்சின் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பில் அதைப்போல 125 சதவீதம், அதாவது மணிக்கு 34 லிட்டர் வர வேண்டும். தானாக இறங்கும் அமைப்பில் 150 சதவீதம், மணிக்கு 40 லிட்டருக்குச் சற்று மேல். ஸ்டாப்வாட்ச் கணக்கில், பம்ப் என்றால் 1 லிட்டர் 106 நொடிக்குள், தானிறக்கம் என்றால் 89 நொடிக்குள். இரண்டு டேங்கையும் தனித்தனியாகப் பார்க்கணும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். டேங்குக்குள் காற்று போகும் வென்ட் குழாய் அடைத்திருந்தால் முதல் இரண்டு நிமிடம் நன்றாக வந்து, பிறகுதான் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி நூலாக இளைக்கும். டேங்கை நிரப்பி மூடி, இடையில் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் ஓடவிட்டால் குட்டு வெளிப்படும். இதையெல்லாம் கொட்டகையை விட்டு வெளியே, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பீடிக்காரர்களை விரட்டிவிட்டுச் செய்ய வேண்டும்.

வெயில் வேறு ஒரு கணக்கு. எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து மறுபடி கிளப்பினால், மூடிக்கு அடியில் தேங்கிய சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் குமிழி கட்டிக்கொள்ளும். அதற்குத்தான் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன். அதன் நடுவே 0.35 மி.மீ. துளை உள்ள சின்ன ஜெட் இருக்க வேண்டும். அந்தத் துளை பெரிதானால் பெட்ரோல் எல்லாம் திரும்பிப் போய்விடும், கார்புரேட்டர் காயும். சித்திரை, வைகாசியில் முதல் பறப்பே வேண்டாம் என்று சொல்வதற்கு இந்தக் குமிழியும் ஒரு காரணம்.

எடை போடுவது எளிது. பஞ்சுக் கடையிலும் நெல் மண்டியிலும் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளே போதும். மூன்று தராசு, மூன்று சக்கரம், விமானம் ரசமட்டத்தில், கொட்டகைக் கதவு சாத்தி. காற்று அடித்தால் இறக்கை தூக்கி எடை குறைத்துக் காட்டும். ஓர் எடுத்துக்காட்டு: மூக்குச் சக்கரம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 0.95 மீட்டர் முன்னால், 62 கிலோ. பின் சக்கரங்கள் 0.62 மீட்டர் பின்னால், இரண்டும் சேர்ந்து 210 கிலோ. 210-ஐ 0.62-ஆல் பெருக்கி, 62-ஐ 0.95-ஆல் பெருக்கியதைக் கழித்தால் 71.3. மொத்தம் 272 கிலோவால் வகுத்தால் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 0.262 மீட்டரில். இதோடு 0.55 மீட்டரில் 75 கிலோ ஆளையும் 0.45 மீட்டரில் 29 கிலோ பெட்ரோலையும் சேர்த்தால் மொத்தம் 376 கிலோ, மையம் 0.334 மீட்டர். இறக்கை அகலம் 1.4 மீட்டர் என்றால் அது 24 சதவீதம். வரைபடக்காரர் கொடுத்த எல்லையின் முன்பாதிக்குள் அது விழ வேண்டும். மையம் பின்னால் போனால் மூக்கு தானாக மேலே ஏறப் பார்க்கும், ஸ்டால் ஆனால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால்) மீள்வது கடினம். எல்லைக்குள் முன்னால் இருந்தால் கையில் பிடிக்கும் ஸ்டிக் கனமாக இருக்கும், அவ்வளவுதான். மையம் பின்னால் விழுந்தால் முன்பக்கம் மணல் மூட்டை கட்ட வேண்டி வரும். மூட்டையை வைத்துவிட்டால் போதாது, பெல்ட் போட்டு இறுக்கணும். உருண்டு வந்து ரட்டர் பெடலுக்கு அடியில் சிக்கிய மூட்டை எமன்.

வேகமானியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூபை யூ வடிவத்தில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வேகமானிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் பிட்டாட் குழாயோடு சேர்த்து, திறந்த மறுமுனையை மெதுவாக மேலே தூக்குங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம் 23.6 மி.மீ. என்றால் முள் 70 கி.மீ. காட்ட வேண்டும். 48 மி.மீ.க்கு 100, 108 மி.மீ.க்கு 150. வாயால் பலமாக ஊதினால் கருவியே போய்விடும். அழுத்தத்தை அப்படியே பிடித்துவைத்தால் முள் நிற்க வேண்டும், இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

குளவியைப் பற்றித் தனியாகச் சொல்லணும். நம் பக்கம் கொட்டகையில் நிறுத்திய எந்தக் குழாயையும் மண்குளவி இரண்டு நாளில் மண் வைத்து அடைத்துவிடும். பிட்டாட், டேங்க் வென்ட், இரண்டுக்கும் சிவப்புத் துணி தொங்கும் மூடி போட்டு, பறப்பதற்கு முன் கழற்றி எண்ணிப் பாருங்கள். குளவியைவிட மோசமான எதிரி பூஜை. விமானத்தின் பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்கு, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டிக் ஓட்டை ஒன்று இருக்கும். கண்ணில் படாது. ஆயுத பூஜைப் பழக்கத்தில் அத்தை ஒருவர் அன்போடு உடம்பெல்லாம் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். ஒரு பொட்டு சரியாக அந்த ஓட்டையின் மேல் விழுந்தால் போதும். சந்தனம் காய்ந்து கல்லாகும். பிறகு நீங்கள் ஏற ஏற உயரமானி அசையாது, வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். வேகம் போதவில்லை என்று நினைத்து மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போவீர்கள். ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, பூஜையன்று அதன்மேல் டேப் ஒட்டி, பூஜை முடிந்ததும் டேப்பை எடுங்கள். ப்ரொப்பல்லரில் மாலை வேண்டாம், நார் கியர்பாக்ஸ் சீலில் சுற்றிக்கொள்ளும். சூடத்தை வென்ட் குழாய் பக்கம் காட்டவே கூடாது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்குவதில் ஆட்சேபணை இல்லை.

கட்டுப்பாடுகள்: ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே நீட்டிப் பிடியுங்கள். ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கட்டைவிரல் காட்டும் பக்கத்து எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை, மேலே எழ வேண்டும். கேபிள் மாற்றிக் கட்டிய விமானங்கள் உண்மையிலேயே பறக்கப் போய் விழுந்திருக்கின்றன, அதனால் இதைக் கட்டியவர் பார்த்தது கணக்கில் வராது. கட்டாத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சுழலும் மூட்டுகளில் நைலான் நட்டு கூடாது, கோட்டை நட்டும் ஸ்பிளிட் பின்னும்தான். கால் அங்குல ஏஎன்4 போல்ட்டுக்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு முறுக்கு. முறுக்கியதும் நட்டுமேல் ஒரு பெயின்ட் கோடு. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

இடமும் காற்றும். ஆனி பிறந்ததிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து அடிக்கிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகள் நிற்பது அதற்காகத்தான். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். அம்மியைவிட இந்த விமானத்துக்கு எடைக்கேற்ற பரப்பு எவ்வளவோ அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிச்சம் இருப்பது தை, மாசி, பங்குனிக் காலைகள். வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று, பல நாள் அதுவும் இல்லை. விடிந்து வெளிச்சம் நன்றாக வந்ததும் கிளம்பி எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பதுக்கு மேல் கரிசல் நிலம் சூடாகிக் காற்றைத் தூக்க ஆரம்பிக்கும், பிற்பகலில் கடல்காற்று வரும்.

வெப்பத்தின் விலையையும் எண்ணால் சொல்லிவிடலாம். கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓடுதளத்தில் காலை 25 டிகிரி என்றால் விமானம் 480 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல உணரும். அதே இடத்தில் 38 டிகிரி என்றால் 950 மீட்டர். எஞ்சினுக்கும் இறக்கைக்கும் ப்ரொப்பல்லருக்கும் ஒரே நேரத்தில் காற்று மெலிகிறது.

அம்பாசமுத்திரம், களக்காடு, பணகுடி போன்ற மலையடிவாரம் வேண்டாம். மேற்கிலிருந்து காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது அடிவாரத்தில் சுழலும், சின்ன விமானத்தைப் பம்பரமாக்கும். காற்றாலைகளுக்குப் பின்பக்கமும் அதே கதை. புதிய ஆலைகளின் இறகு நுனி 150 மீட்டரைத் தாண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் இருக்கும் மாவட்டம் இது. வான்வெளித் தடைகளை வரைபடத்தில் குறித்து, வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையக் கட்டுப்பாட்டாளரிடமும் பேசிவிட்டுத்தான் எதுவும். ஓடுதளம் 1000 மீட்டருக்குக் குறையக் கூடாது. 150 மீட்டரில் எழும் விமானத்துக்கு எதற்கு அவ்வளவு என்றால், எழுந்த பிறகு எஞ்சின் நின்றாலும் முன்னாலேயே இறங்கத் தளம் மிச்சம் இருக்கும்.

தளம் முடிந்த பிறகு என்ன இருக்கிறது? இரு முனையிலும் இரண்டு கிலோமீட்டர் பைக்கில் போய்ப் பாருங்கள். காய்ந்த கரிசல் இறங்கத் தோதானது. மழை பெய்த கரிசலில் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழும். நெல் வயலும் அப்படியே. வாழைத்தோட்டத்தில் முட்டுக்கொடுத்த கம்புகள் இருக்கும். வற்றிய குளத்தின் தரை நல்ல தேர்வு, கரையைத் தாண்டுகிற அளவுக்கு உயரம் இருந்தால். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பனைகளுக்கு நடுவே போவதைவிட உடங்காட்டுக்குள் மட்டமாக உட்காருவது மேல். முள் குத்தும், ஆனால் புதர் வேகத்தை வாங்கிக்கொள்ளும். மின்கம்பிகளைத் தேடாதீர்கள், கம்பங்களைத் தேடுங்கள். கம்பி மேலிருந்து தெரியாது.

தரையோட்டம். நடை வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி பிரேக், திசை, சூடு எல்லாம் பாருங்கள். கிளப்புவதற்கு முன் ப்ரொப்பல்லரைச் சுழலும் திசையில் மட்டும் கையால் சுற்றணும். ஆயில் டேங்கில் ‘களக்’ என்ற சத்தம் கேட்ட பிறகே ஆயில் அளவு பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 4000 சுற்றில், இரண்டு இக்னிஷனில் ஒவ்வொன்றாக அணைத்தால் 300 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. நின்ற நிலையில் முழு விசைக்கு 5200 சுற்றாவது வர வேண்டும். வராவிட்டால் ப்ரொப்பல்லர் கோணம் கூடுதல். வேக ஓட்டத்தில் என் கட்சி பலருக்குப் பிடிக்காது: எழும் வேகத்தில் பாதிக்கு மேல் ஓட்டவே வேண்டாம். ‘சும்மா ஓட்டிப் பார்க்கிறேன்’ என்று 70 கி.மீ.க்குப் போனவர்களைச் சின்னக் காற்று ஒன்று தூக்கிவிடுகிறது. பறக்கத் தயாராக இல்லாத ஆள், பறக்கத் தயாரான விமானத்தில், தளத்தின் பாதியில், இரண்டடி உயரத்தில். விசையைப் படாரென்று இழுப்பார், மூக்குச் சக்கரம் முதலில் இறங்கும், கால் முறியும்.

கட்டியவரே ஓட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டுவதற்கு நாலைந்து வருடம் ஆகியிருக்கும், அந்த வருடங்களில் கை துருப்பிடித்திருக்கும். அதே வகை விமானத்தில் ஐந்து மணி நேரமாவது அண்மையில் ஓட்டாதவர் இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். மானக்கேடு ஒன்றும் இல்லை.

அன்று காலை விமானத்தில் ஒரே ஆள். கீழே இரண்டு பேர்: ஜீப், தீயணைப்பான், கடப்பாரை, பெல்ட் அறுக்கக் கத்தி, கையில் ரேடியோ. தளத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று முந்தின நாளே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கிளம்புவதற்குச் சற்று முன் ஜீப் தளத்தின் முழு நீளத்துக்கும் ஒருமுறை போய்வரட்டும். விடியற்காலையில் மயில்கள் தளத்தில் நிற்கும், பக்கத்து வயலில் கிடை போட்டிருந்தால் ஆடுகளும்.

திட்டம் அரைத்தாளில் பென்சிலால் எழுதித் தொடையில் கட்டியிருக்கட்டும். ஸ்டால் 60 கி.மீ. என்று கணக்கிட்ட விமானம் 75-ல் எழும், 105-ல் ஏறும். விசையைக் கொடுக்கும்போதே ஒரு குறி: தளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் எழாவிட்டால் நிறுத்து. எழுந்த பிறகு 1000 அடி வரை விசையையும், இறக்கையின் பின்னால் தாழ்த்தும் ஃபிளாப்பையும் தொட வேண்டாம். ஓடுகிற எஞ்சினைத் தொந்தரவு செய்யக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் 5500 சுற்றுக்கு மேல் ஐந்து நிமிடம்தான், அதையும் மறக்கக் கூடாது. 800 அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் திரும்பி வரக் கூடாது. மூக்கை உடனே தாழ்த்து, முன்னால் இடமோ வலமோ 30 டிகிரிக்குள் இறங்கு. கட்டிய விமானத்தைக் காப்பாற்றத் திரும்புகிறவர்தான் திருப்பத்தில் ஸ்டால் ஆகிறார்.

தளத்துக்கு மேலேயே வட்டமிட்டு 3000 அடி. ஆயில் 90-லிருந்து 110 டிகிரி, அழுத்தம் 2 முதல் 5 பார். ஆயில் சூடு 120-ஐத் தாண்டினால் விசையைக் குறைத்து மூக்கைத் தாழ்த்துங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் பறப்பு முடிந்தது. ஸ்டிக்கில் நடுக்கம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கதவு திறந்துகொண்டால் சத்தம் பயமுறுத்தும், விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும். கதவைச் சாத்தப் போய் விமானத்தை விட்டவர்கள் உண்டு. ஒரு இறக்கை கனமாக இழுத்தால் எந்தப் பக்கம், எந்த வேகத்தில் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மருந்தைத் தரையில் பார்க்கலாம்.

மேலே செய்ய வேண்டிய உருப்படியான வேலை ஒன்றுதான். அந்த 3000 அடியையே தரை என்று வைத்துக்கொண்டு இறங்கிப் பார்ப்பது. விசையைக் குறைத்து, இறங்கும்போது வைக்கும் ஃபிளாப் வைத்து, வேகத்தை ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஸ்டிக் தளர்ந்து உடம்பில் முதல் அதிர்வு தெரியும் இடத்தில் முள் என்ன காட்டுகிறது? 64 என்றால், கருவி பொய் சொன்னாலும் கவலையில்லை. அதே கருவியில் 64-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 83, முதல் நாளுக்காக இன்னும் ஐந்து சேர்த்து 88-ல் இறங்க வேண்டியது. முழு ஸ்டால், சரிவுத் திருப்பம், கூட்டத்துக்கு மேல் தாழப் பறப்பது எதுவும் இன்றைக்கு இல்லை. இருபது நிமிடம் ஆனதும் இறங்கலாம். முதல் அணுகல் சரியில்லை என்றால் மறுபடி சுற்றி வாருங்கள், பெட்ரோல் இருக்கிறது.

இறங்கியதும் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, விமானத்தை நேராகக் கொட்டகைக்குத் தள்ளி மூடியைக் கழற்றுங்கள். அன்றைக்கு இரண்டாவது பறப்பு கிடையாது. சைலன்சர் மூட்டு ஸ்பிரிங்குகள் எல்லாம் இருக்கின்றனவா, ஹோஸ் எங்காவது உரசிப் பளபளக்கிறதா, பெயின்ட் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ப்ரொப்பல்லர் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள், மரப் ப்ரொப்பல்லர் என்றால் கட்டாயம். பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினால் அலுமினியப் பொடியும் சீலர் துணுக்கும் கொஞ்சம் விழும். கழுவி மாட்டி, அடுத்த பறப்புக்குப் பிறகும் அதே துணியில், முந்தின கறைக்குப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள்.